அடித்த கையும் ஆணையிட்ட வாயும்

கோவலனைக் கொன்றவன் யார் என்று கேட்டால், தமிழ் படித்த எவரும் பாண்டியன் நெடுஞ்செழியன் என்றே விடை கூறுவர். பொற்கொல்லனின் பொய்யை நம்பி, ஊடல் கொண்ட தேவியைக் காண விரைந்த அவசரத்தில், விசாரணை ஏதுமின்றி ஆணையிட்டவன் அவன். கண்ணகி வழக்குரைத்தது அவன் அவையில்தான். தன் பிழையை உணர்ந்த கணமே அரியணையில் வீழ்ந்து உயிர்விட்டவனும் அவனே. ஆயினும் வாளை ஓங்கியவன் அவன் அல்லன். கொலைக்களக் காதையை நிதானமாகப் படிப்போர்க்கு வேறொரு காட்சி புலப்படும். அரசனின் ஏவலர் கோவலனைக் கண்டதும் தயங்குகின்றனர். இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்கின்றனர். பொற்கொல்லன் அவர்களை எள்ளி நகைத்துக் கள்வரின் தந்திரங்களை விரித்துரைக்கிறான். பேச்சு நீள்கிறது. அதற்குள் அக்கூட்டத்தில் இருந்த, கல்வியில்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

அந்தக் குடிகாரன் பின்னர் என்ன ஆனான்? இளங்கோவடிகள் சொல்லவில்லை. தயங்கிய ஏவலரும் கண்ணகியின் வழக்கில் சாட்சிகளாக வரவில்லை. அரசனின் பிழையைப் பாட வந்த காப்பியத்திற்கு அவர்கள் தேவைப்படவில்லை. ஆனால் இன்று சட்டத்தின் ஆட்சியில் வாழ்வதாகச் சொல்லிக்கொள்ளும் நமக்கு அவர்கள் தேவைப்படுகின்றனர். ஒருவர் ஆணையிட, ஒருவர் அடிக்க, மற்றவர் பார்த்து நிற்க, ஓர் உயிர் போகுமானால் அதற்கு விடை சொல்ல வேண்டியவர் யார்?

இது ஏட்டுக் கேள்வியன்று. 2025 ஜூன் இறுதியில், அதே மதுரைக்கு அருகே, சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், காரில் வைத்திருந்த நகையைக் காணவில்லை என்ற புகாரின்பேரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் காவல்துறையினரின் பிடியில் இறந்தார். உடற்கூறாய்வில் 44 காயங்கள் காணப்பட்டன. காவலர் ஐவர் கைது செய்யப்பட்டனர். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்போது எழுப்பிய வினாக்களுள் ஒன்று நம் நெஞ்சில் தங்கிவிட்டது: முறையாக வழக்குப் பதியப்படும் முன்னரே, யாருடைய ஆணையின்பேரில் தனிப்படை இந்த விசாரணையைக் கையில் எடுத்தது? அடித்தவர் யார் என்பது சில நாள்களில் தெரிந்துவிட்டது. ஏவியவர் யார் என்பதை நீதிமன்றமே கேட்க வேண்டியிருந்தது.

காவலர் ஒருவருக்குப் பிறரை அடிக்கும் உரிமை உண்டா? உண்டு என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கையில் லத்தியைக் கொடுத்திருக்கிறார்களே, அது எதற்காக என்று கேட்போரும் உளர். ஆனால் சட்டநூல்களில் தேடினால் அப்படியோர் உரிமை எங்கும் எழுதப்படவில்லை. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 46ஆம் பிரிவாக இருந்ததும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 43ஆம் பிரிவாக இருப்பதும் ஏறத்தாழ ஒன்றையே சொல்கின்றன. கைதாக மறுத்து வன்மையாக எதிர்ப்பவரைப் பிடிப்பதற்குத் தேவையான வழிகளையெல்லாம் கையாளலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமையை இது தராது. பிடித்த பின்னரும், தப்பி ஓடாமல் தடுப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்படுத்தலாகாது. இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் தூண் ‘தேவை’ என்னும் ஒரே சொல். தேவை இருக்கும்வரை காவலரின் வலிமை சட்டத்தின் வலிமை. தேவை முடிந்த கணத்தில் அது சீருடை அணிந்த ஒரு தனி மனிதரின் கைவலிமை மட்டுமே.

தேவை எது என்பதை அளப்பது தெருவில் எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். கல் பறந்து வரும்போது, கூட்டம் நெருங்கி வரும்போது, கத்தி வைத்திருப்பவன் ஓடி வரும்போது, ஒரு காவலர் நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அவர் முடிவைக் குளிர்ந்த அறையில் அமர்ந்து நாள் கணக்கில் ஆராய்பவர்கள் இதை மறந்துவிடலாகாது. தற்காப்பு உரிமை எந்தக் குடிமகனுக்கும் உள்ளதுபோல் அவருக்கும் உண்டு. ஆனால் காவல்நிலையத்தின் உள்ளறையில் நொடிப்பொழுது ஏது? கட்டுண்டு கிடப்பவன் எதிரே என்ன தேவை இருக்க முடியும்? அங்கே விழும் முதல் அடியே குற்றம். வாக்குமூலம் பெறுவதற்காகக் காயப்படுத்தினால் ஏழாண்டு வரை, கொடுங்காயம் விளைவித்தால் பத்தாண்டு வரை சிறை என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330, 331ஆம் பிரிவுகள் நெடுங்காலம் சொல்லிவந்தன. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவு அதையே சொல்கிறது. சட்டம் ஊமையாக இல்லை. அதன் குரல் யாரைச் சென்றடைகிறது, யாரைச் சென்றடைவதில்லை என்பதில்தான் சிக்கல்.

நம் மாநிலத்திற்கு இதில் ஒரு பழைய வரலாறும் உண்டு. சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் சித்திரவதை நடப்பதாக 1854-இல் இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தில் பேச்செழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டு, 1855-இல் அறிக்கை அளித்தது. அதில் கிட்டி என்னும் கருவி வருகிறது; மரத்துண்டுகளுக்கு இடையே விரல்களை வைத்து நெரிப்பது அதன் வேலை. தலை கால்விரல்களைத் தொடும்வரை குனியவைத்துக் கயிற்றால் கட்டி, வெயிலில் நிறுத்திவைக்கும் முறையும் வருகிறது. வரி பாக்கி வைத்த குடியானவனுக்கும் களவு சாட்டப்பட்டவனுக்கும் ஏறக்குறைய ஒரே மருந்துதான். அந்நாளில் வரி வசூலும் காவல் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன.

ஆணையம் சித்திரவதை உண்டு என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டது. அதற்காக அதைப் பாராட்டலாம். ஆனால் பழி யார்மீது விழுந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கொடுமை செய்வோர் இந்நாட்டுக் கீழ்நிலை ஊழியர்களே. ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் உடந்தை இல்லை என்பதே அதன் முடிவு. வரித்தொகை குறையலாகாது என்று மேலிருந்து கீழே அழுத்திய அழுத்தத்திற்கும், கீழே ஒருவன் விரல் நெரிந்ததற்கும் இடையே உள்ள கோட்டை அவ்வறிக்கை குற்றமாகக் காணவில்லை. சீர்திருத்தம் வந்தது, வரியும் காவலும் பிரிக்கப்பட்டு, 1859-இல் சென்னைக்கும் 1861-இல் நாட்டின் பிற பகுதிகளுக்கும் தனிக் காவல்துறைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. கையைத் திருத்தினார்கள். ‘எப்படியாவது முடித்துவிடு’ என்று சொல்லும் வாய் அப்படியே இருந்தது. அந்த ‘எப்படியாவது’ என்ற சொல்லுக்கு இன்றும் நம் அலுவலகங்களில் மவுசு குறையவில்லை.

காவலரிடம் அளிக்கப்படும் வாக்குமூலம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே விதித்தது. அடித்து வாங்கியதாக இருக்கலாம் என்னும் ஐயத்தைத் தவிர அதற்கு வேறு பெரிய காரணமில்லை. ஆயின் அவ்வாக்குமூலத்தைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும் என்று ஒரு விலக்கையும் அது வைத்தது. 2023-இல் இயற்றப்பட்ட புதிய சாட்சியச் சட்டமும் இவ்விரண்டையும் விடாமல் சுமந்து வந்திருக்கிறது. கதவைப் பூட்டிவிட்டுச் சன்னலைத் திறந்துவைத்த கதைதான். காணாமற்போன நகை எங்கே என்று கேட்டு அடிக்கும்போது, அடிப்பவர் தேடுவது அந்தச் சன்னலைத்தான்.

இனி, அடித்தவர்மீது வழக்குத் தொடர்வது எப்படி? இங்கேதான் அனுமதி என்னும் வேலி குறுக்கிடுகிறது. பழைய சட்டத்தின் 197ஆம் பிரிவும் புதிய சட்டத்தின் 218ஆம் பிரிவும், அரசின் ஒப்புதலின்றிப் பதவி நீக்கம் செய்ய முடியாத ஊழியர்மீது, அவர் தம் அலுவல் கடமையைச் செய்கையில் நிகழ்ந்த குற்றத்திற்காக, அரசின் முன்அனுமதியின்றி நீதிமன்றம் வழக்கை ஏற்கலாகாது என்கின்றன. நேர்மையான அதிகாரியைப் பொய்வழக்குகள் அலைக்கழிக்கலாகாது என்பது இதன் நோக்கம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அடிப்பது அலுவல் கடமையா? சித்திரவதை எவருடைய கடமையும் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. எனினும் கடமையோடு நியாயமான தொடர்பு இருக்குமாயின், வரம்பு மீறிய செயலுக்கும் அனுமதி தேவை என்று கர்நாடகக் காவல் அதிகாரி ஒருவர் வழக்கில் 2020-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஒவ்வொரு வழக்கும் முதலில் இந்த வாசலில் ஆண்டுக்கணக்கில் நின்றாக வேண்டியிருந்தது. 120 நாள்களுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று புதிய சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது. இது நல்ல மாற்றம் என்றே கருதுகிறோம்.

இப்பிரிவில் பலர் கவனியாத ஒரு நுட்பம் உண்டு. அரசின் ஒப்புதலின்றி நீக்க முடியாதவர்கள் உயர் அதிகாரிகளே. சாதாரணக் காவலரை அவருடைய மேலதிகாரியே பதவி நீக்கலாம். ஆகவே மாநில அரசு தனியாக அறிவிக்கை செய்தாலன்றி, அவர் இந்த வேலிக்குள் தாமாக வருவதில்லை. வாய்க்கு வேலி உண்டு. கைக்கு வேலி இல்லை. நம் நாட்டில் காவலர் பொறுப்புடைமை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் தலைமைக் காவலரும் சார்பு ஆய்வாளரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, செய்தி அடங்கிவிடுவது ஏன் என்று வியப்போர் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

கைக்கு வேலி இல்லை என்பதால் கை எளிதில் தண்டிக்கப்படுகிறது என்றும் எண்ணிவிட வேண்டாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2001 முதல் 2020 வரையான இருபது ஆண்டுகளில் காவலில் இறந்தோர் 1,888 பேர். அவ்விறப்புகளின் தொடர்பில் தண்டனை பெற்ற காவல்துறையினர் 26 பேர். நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்ததற்குச் சாட்சி யார்? அடித்தவர்களும் அடிபட்டு இறந்தவரும்தான். உத்தரப்பிரதேசத்தில் காவலில் நிகழ்ந்த ஓர் இறப்பின் வழக்கில், 1985-இல், மெய்ப்பிக்கும் சுமையைப் பற்றி மறுசிந்தனை வேண்டும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. காவலில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் அதைக் காவல் அதிகாரியே விளைவித்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சட்ட ஆணையம் அவ்வாண்டே தன் 113ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. 2017-இல் 273ஆம் அறிக்கையில் மீண்டும் பரிந்துரைத்தது. 2023-இன் புதிய சாட்சியச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை.

இப்போது காவலரின் மனச்சான்றுக்கு வருவோம். மேலதிகாரி சொன்னார், செய்தேன் என்பது விடையாகுமா? மும்பையில் போலி மோதல் என்று குற்றம் சாட்டப்பட்ட வழக்கொன்றில், 2011-இல், உச்சநீதிமன்றம் இதற்குக் கடுமையான மறுமொழி அளித்தது. சட்டத்திற்குப் புறம்பான கொலையாணைக்குக் காவலர் கீழ்ப்படியலாகாது. கீழ்ப்படிந்தால் அவரும் கொலைக்குற்றவாளியே என்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நூரம்பர்க்கில் நடந்த விசாரணைகளையும் நினைவூட்டியது. அறநெறிப்படி இதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. மனிதன் தன் கையை இன்னொருவனுக்கு இரவல் கொடுக்கலாம். மனச்சான்றை இரவல் கொடுக்க இயலாது.

ஆனால் ‘கீழ்ப்படியாதே’ என்று புதுதில்லியிலிருந்து சொல்வது ஒன்று. ஒரு சிற்றூரின் காவல்நிலையத்தில், தன் விடுப்பையும் பணிமாற்றத்தையும் பணிப்பதிவேட்டையும் கையில் வைத்திருக்கும் ஆய்வாளர் முன் நின்று ‘மாட்டேன் ஐயா’ என்று சொல்வது வேறொன்று. நேரங்காலம் இல்லாத வேலை, திருவிழாவும் பொங்கலும் பந்தோபஸ்திலேயே கழியும் வாழ்க்கை, மேலிருந்து வரும் வசவு. மறுப்பவருக்கு என்ன பாதுகாப்பு வைத்திருக்கிறோம்? கொலைக்களக் காதையில் தயங்கிய ஏவலரை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு உண்மை தெரிந்திருந்தது. அதைச் சொல்லவும் செய்தனர். ஆனால் தயங்குபவனின் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை, வீசுபவனின் வாளுக்கே மதிப்பு.

2020 ஜூன் 19 அன்று, பெருந்தொற்றுக் கால ஊரடங்கு வேளையில், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திவந்த மகனும் அவர் தந்தையும் காவல்நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மருத்துவச் சான்று வழங்கப்பட்டது. நடுவர் மன்றம் காவலில் வைக்க ஆணையிட்டது. கோவில்பட்டிக் கிளைச்சிறை ஏற்றுக்கொண்டது. இத்தனை மேசைகளைக் கடந்தபின் 22ஆம் நாள் இரவு மகனும், மறுநாள் காலை தந்தையும் இறந்தனர். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, கோவில்பட்டி நீதித்துறை நடுவரை விசாரிக்கப் பணித்தது. விசாரிக்கச் சென்ற நடுவரையே அங்கிருந்த காவலர்கள் மதியாமல் நடந்துகொண்டனர் என்று அறிக்கை வந்ததால், அந்தக் காவல்நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் எடுக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. 1859-இல் எந்தத் துறையிடமிருந்து காவலைப் பிரித்தார்களோ, அதே துறையிடம் ஒரு காவல்நிலையம் சில நாள்கள் திரும்பிச் சென்றது. வரலாறு சிலவேளை இப்படி வேடிக்கை காட்டும்.

அந்த நிலையத்தில் அன்றிரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் நடுவரிடம் வாக்குமூலம் அளித்தார். இருவரும் இரவு முழுதும் அடிக்கப்பட்டனர் என்றும், மேசையிலும் லத்திகளிலும் இரத்தக்கறை இருந்தது என்றும் கூறினார். சொல்லும்போது அவர் அஞ்சினார், வெளியே நின்றவர்கள் கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சினார், கையெழுத்திடத் தயங்கினார். பிறகு கையெழுத்திட்டார். சொல்வதற்கு மிகச் சிறிய செயலாகத் தோன்றும். ஆனால் அந்த ஒரு கையெழுத்து இல்லையேல் அவ்விரவைப் பற்றி உள்ளிருந்து பேச யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நிலையத்தின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளோ கிடைக்கவில்லை. போதிய கொள்ளளவு கொண்ட நினைவகம் இருந்தும், ஒவ்வொரு நாளின் பதிவும் தானாகவே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததை நடுவர் கண்டார். சில மாதங்களில், வேறொரு வழக்கில், நாட்டின் எல்லாக் காவல்நிலையங்களிலும் கேமரா பொருத்திப் பதிவுகளைப் பதினெட்டு மாதங்கள் காத்துவைக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை நன்று. ஆனால் இயந்திரத்தை ஒரு நாளில் மறக்கச் செய்ய முடிந்தது. அந்தப் பெண்மணியை மறக்கச் செய்ய முடியவில்லை.

எத்தனை பேர் சேர்ந்து செய்தாலும் பொறுப்பு பங்கிடப்பட்டுக் குறைவதில்லை என்பதே நம் துணிபு. நம் ஊர்களில் மூவர் சேர்ந்து கையெழுத்திட்ட கடன் பத்திரத்தைப் பார்த்திருப்போம். மூன்றில் ஒரு பங்குதான் என் கடன் என்று எவரும் தப்ப முடியாது. முழுத்தொகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. உயிரின் கணக்கும் அத்தகையதே. அடித்தவர் முழுப்பொறுப்பு, ஏவியவர் முழுப்பொறுப்பு. தடுக்க வல்லவராயிருந்தும் தடுக்காதவர் கணக்கிலும் கழிவு கிடையாது. நடைமுறையிலோ நாம் வகுத்தல் கணக்குப் போடுகிறோம். கை சொல்கிறது, ஆணை என்று. வாய் சொல்கிறது, அடிக்கச் சொல்லவில்லையே, விசாரிக்கத்தானே சொன்னேன் என்று. இரண்டும் சேர்ந்து ஒரு சுழியத்தில் வந்து நிற்கின்றன.

வாய் தன் தடத்தை விடுவதில்லை. தொலைபேசியில் சொன்ன சொல்லுக்குக் காகிதம் கிடையாது. 2018 மே 22, 23 ஆகிய நாள்களில் தூத்துக்குடியில் தாமிர உருக்காலைக்கு எதிராகத் திரண்ட மக்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022-இல் அளித்த அறிக்கை, அச்சூடு தேவையற்றது என்று கண்டு, 17 காவல்துறையினரையும் அன்றைய மாவட்ட ஆட்சியரையும் பெயர் சுட்டிப் பொறுப்பாக்கியது. சுட்டுவிட்டார்கள் என்னும் பொதுச்சொல்லுக்குள் ஒளிந்திருந்த தனித்தனிப் பெயர்களையும் பதவிகளையும் வெளியே கொண்டுவந்ததே அவ்வறிக்கையின் சிறப்பு. ஆயின் விசாரணை ஆணையத்தின் அறிக்கை தீர்ப்பு அன்று. அது பரிந்துரை மட்டுமே.

இவ்வளவு சொன்னபின் நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. 2019 டிசம்பர் 6 அதிகாலையில் ஐதராபாத் அருகே, பெண் மருத்துவர் ஒருவரைக் கொடூரமாகக் கொன்ற வழக்கில் பிடிபட்டிருந்த நால்வரைக் காவல்துறையினர் சுட்டுக்கொன்றனர். அவ்விடத்தில் கூடிய மக்கள் காவலர்மீது மலர் தூவினர். நாமும் நம் வீடுகளில் அமர்ந்து, சரிதான் என்று தலையசைத்தோம். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல், கொல்லும் நோக்குடனேயே சுடப்பட்டது என்றும், காவலர் பதின்மர் கொலைக்குற்ற விசாரணைக்கு உரியவர் என்றும் கூறியது. தூவிய மலர்களைப் பற்றி அந்த அறிக்கைக்குப் பின் யாரும் பேசவில்லை. பிடிபட்டவர் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தார் என்று செய்தி வரும்போது, மாவுக்கட்டுப் படத்தைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கமும் நமக்கு வந்துவிட்டது. திரைப்படத்தில் கதாநாயகக் காவலர் கைதியை அறையும்போது எழும் சீழ்க்கை ஒலி, ஏதோ ஒரு நிலையத்தின் உள்ளறையில் ஆணையாகக் கேட்கிறது. ஆணையிடும் வாய்களுள் நம் வாயும் ஒன்று. இது சட்டத்தின் முன் நிற்காத வாய் என்பதே வேறுபாடு.

இழப்பீடு பற்றியும் ஒன்று சொல்லலாம். ஒடிசாவில் காவலில் இருந்து காணாமற்போய், இருப்புப்பாதை அருகே பிணமாகக் கிடந்த இளைஞரின் தாய் எழுதிய கடிதத்தை மனுவாக ஏற்ற உச்சநீதிமன்றம், 1993-இல், 1,50,000 ரூபாய் வழங்க ஆணையிட்டது. அரசின் பிடியில் உயிர் போனால் அரசே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கை நீலாபதி பெஹரா வழக்கென்று பெயர்பெற்ற அதில் உறுதிப்பட்டது. ஏழைத் தாய்க்கு உடனடியாகக் கிடைக்கும் ஆறுதல் அது. அதை யாரும் குறைகூற மாட்டோம். ஆனால் பணம் கருவூலத்திலிருந்து வருகிறது. அதாவது வரி கட்டும் நாம் கொடுக்கிறோம். அடித்த கைக்கும் செலவில்லை, ஆணையிட்ட வாய்க்கும் செலவில்லை.

இவை மூன்றும், அதாவது கை, வாய், பணம் மூன்றும் ஒரே வழக்கில் சேர்த்துப் பார்க்கப்பட்ட அரிய சான்று ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. தருமபுரி மாவட்டம் அரூருக்கு அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடியினரின் ஊர் வாச்சாத்தி. சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் கூட்டமாக அவ்வூருக்குள் நுழைந்தனர். மக்கள் அடிக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அரசுத் தரப்பு அதை மறுத்தே வந்தது. உயர்நீதிமன்ற ஆணையால் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்து, 269 பேரைக் குற்றவாளிகளாக நிறுத்தியது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியபோது அவர்களில் 54 பேர் உயிரோடு இல்லை. எஞ்சிய 215 பேரும், அதாவது வனத்துறையினர் 126 பேர், காவல்துறையினர் 84 பேர், வருவாய்த்துறையினர் ஐவர் ஆகிய அனைவரும் தண்டிக்கப்பட்டனர். இத்தனை கைகள் ஒரே தீர்ப்பில் தண்டனை பெற்றதை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

மேல்முறையீடு பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தது. தீர்ப்புக்கு முன் உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே சென்று ஊரையும் மக்களையும் நேரில் பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும், இறந்திருந்தால் அவர் குடும்பத்திற்கும், பத்து இலட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் ஆணையிட்டார். அதோடு அவர் நிறுத்தவில்லை. 1992-இல் அம்மாவட்டத்தின் ஆட்சியராகவும் காவல் கண்காணிப்பாளராகவும் மாவட்ட வன அலுவலராகவும் இருந்த மூவர்மீதும் நடவடிக்கை எடுக்கும்படி மாநில அரசுக்குக் கட்டளையிட்டார்.  ஊர் சூறையாடப்பட்டு அப்போது முப்பத்தோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.